மாப்பிள்ளை வாட்ச்

பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் காலாப்பட்டில் பாதிப் பேர் 'அட, அவரா' என்பார்கள். மீதிப் பேர் நேராக அவர் வீட்டுக்கே போய் ஓதிவிடுவார்கள். என் அக்காவைக் கட்டியவர், எனக்கு மாமா. இப்போதும் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். ஆனால் நான் சொல்லப்போவது கல்யாணமான புதிதில் இருந்த மாமாவைப் பற்றி. அந்த ஆளை நினைத்தால் எனக்கு முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. இடது கைதான் வருகிறது.

அந்தக் கை ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் இருக்காது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், மாவுக்கட்டு போட்டுத் தொட்டில் கட்டித் தொங்கவிட்ட கை மாதிரி. வலது கை மட்டும்தான் வண்டியைப் பிடித்திருக்கும். அப்படியே ஈ.சி.ஆர். ரோட்டில், சென்னை பஸ்கள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போகிற ரோட்டில், காலாப்பட்டிலிருந்து சாரத்தில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் வருவார். வழியில் தெரிந்தவர்கள் "கை ஒடஞ்சிடுச்சா சார்?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே வருவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாட்ச். அதைக் கொடுத்ததும் நாங்கள்தான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது பெண் வீட்டு வழக்கம். மோதிரம், செயின், வாட்ச். அப்பா இல்லாத வீடு என்பதால் சித்தப்பாதான் முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தினார். சித்தப்பா என்றால் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ரிட்டையர் ஆகி அங்கேயே தங்கிவிட்டவர். அவர் பிரான்சிலிருந்து வரும்போது மாப்பிள்ளைக்கென்று ஒரு சுவிஸ் வாட்ச் கொண்டுவந்தார். வெல்வெட் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. ரிசெப்ஷன் மேடையில் எல்லாரும் பார்க்க அதைக் கட்டிவிட்டு, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"மாப்ள, இதுல பேட்டரி கெடையாது. கை ஆட ஆட தானா சாவி ஏறிக்கும். பின்னாடி கண்ணாடி வழியா பாரு, உள்ள சக்கரம் சுத்தறது தெரியும். ஒண்ணே ஒண்ணு, அதிர்வு மட்டும் ஆவாது. வண்டி ஓட்டும்போது பாத்துக்க, ஹேண்டில்பார் அதிர்வு ஏறிச்சின்னா உள்ள எல்லாம் ஆடிப்போயிடும்."

மாமா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். அவர் சத்தியமே செய்துகொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்!

மாமா அப்படிப்பட்ட ஆள். காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டெண்ட். கண்ணாடிக் குழாயையும் குடுவையையும் உடையாமல் எடுத்து வைத்துப் பழகியவர், மனிதர்களையும் அப்படித்தான் எடுத்து வைப்பார். எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். காபியில் அம்மா சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்த நாளிலும் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அடுத்து நான் ஒரு வாய் குடித்துத் துப்பிய பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. "ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டேன். "அத்தை ஆசையா குடுத்தாங்க" என்றார். இந்த மாதிரி நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவது ரொம்பக் கஷ்டம். என்ன நினைக்கிறார்கள் என்று தலைகீழாக நின்றாலும் தெரியாது.

ஆரம்பத்தில் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். வண்டி ஓட்டுகிற நாளில் வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிடுவார். தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் வெறுங்கையோடு வந்தார். அம்மா வாசலில் ஆரத்தி சுற்றும்போதே அதைப் பார்த்துவிட்டாள். முகம் விழுந்துவிட்டது. சமையலறைக்குள் அக்காவை இழுத்துக்கொண்டுபோய்க் குசுகுசுவென்று கேட்டாள்.

"ஏண்டி, மாப்ள வாட்ச் இல்லாம வந்திருக்காரு? புடிக்கலையா? அவங்க வீட்ல எதனா சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வண்டியில வந்தாரு, அதான்."

"நல்ல நாளும் அதுவுமா மாமியார் வீட்டுக்கு வராரு. நாம போட்டத போட்டுக்கிட்டு வந்தாத்தானே நமக்கு மரியாதை? உங்க சித்தப்பா கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?"

எங்கள் வீடு பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. சமையலறையில் பேசினால் கூடத்தில் கேட்கும். மாமா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இருக்கும்மா" என்று சாப்பிடுவதற்கு முன்பே சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் மணிக்கட்டு வெறுமையாக எங்கள் கண்ணில் படவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து தெருமுனையில் கட்டிக்கொண்டு பார்த்தாராம். ஒரு நாள் கைக்குட்டையை இழுக்கும்போது அது ரோட்டில் விழுந்து, ஆட்டோ சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போனதாம். அன்றிலிருந்து கையிலேயேதான். ஆனால் அதிர்வும் ஆகாது. யூடியூபில் ஒருவர், பைக் ஓட்டினால் வாட்ச்சுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். இன்னொருவர், நிச்சயம் கெட்டுவிடும் என்கிறார். மாமா கெட்டுவிடும் என்றவரை நம்பினார். அவருக்குச் சித்தப்பா வார்த்தையும் மீறக் கூடாது, அம்மா வார்த்தையும் மீறக் கூடாது. அதனால் இடது கையை வண்டியிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். கிளட்ச் பிடிக்க இடது கை வேண்டும் என்று பழைய பைக்கைத் தள்ளிவிட்டு, கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கினார்.

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் இது சிரிப்பு. ஒரு தடவை சிக்னலில் போலீஸ்காரர் மடக்கினாராம். "ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டு போன்ல யாருகூடய்யா பேச்சு?" "போன் இல்ல சார், வாட்ச் சார்." "வாட்ச்சா?" மாமா சட்டைக் கையை ஏற்றி, அதில் பேட்டரி இல்லை என்பதில் ஆரம்பித்து, உள்ளே இருக்கும் சக்கரங்கள் வரைக்கும் பொறுமையாக விளக்கியிருக்கிறார். பாதியிலேயே போலீஸ்காரர் "போப்பா, போ" என்று அனுப்பிவிட்டாராம். மழை வந்தால் வாட்ச்சுக்குப் பிளாஸ்டிக் உறை, மாமாவுக்கு ஒன்றும் கிடையாது. தெப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்று, முதலில் உறையைக் கழற்றி வாட்ச்சைத் துடைப்பார்.

நானும்தான் கிண்டல் செய்தேன். "என்னா மாமா, கை நெஞ்சுலயே ஒட்டிக்கிச்சா? சுடுதண்ணி ஊத்தி எடுக்கட்டுமா?" என்பேன். சிரிப்பார். மச்சினி கிண்டலுக்குச் சிரிப்பதுதானே முறை.

அக்கா உண்டான பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் வலது கைப் பிடி முன் சக்கரத்துக்கு, இடது கைப் பிடி பின் சக்கரத்துக்கு. இடது கை நெஞ்சில் இருந்தால் முன் பிரேக் மட்டும்தான் இருக்கிறது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் மணலில் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் முட்டியைக் காட்டுவார்கள். கடலோர ஊர், மணலுக்கா பஞ்சம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் என் வண்டியில் பின்னாலேயே போனேன். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை மாமாவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிருந்தது. 'நடு ரோட்டுல கொஞ்சலப் பாரு' என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனேன். கொஞ்சல் இல்லை. அக்கா அவர் முதுகில் அழுந்திச் சாய்ந்து, கையை எட்டி நீட்டி, ஸ்கூட்டரின் இடது பிரேக்கைப் பிடித்திருந்தாள். அவளுக்கு எட்ட வேண்டுமென்று மாமா சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் "ம்" என்றால் அக்கா பிரேக்கை அழுத்துவாள். அவர் மறுபடி "ம்" என்றால் விடுவாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அன்று சாயங்காலமே போனில் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு சர்க்கஸ் காட்டறியா?"

"கத்தாத. பழகிடுச்சு. அவரு மெதுவாத்தான் ஓட்டறாரு."

"வயிறு பெருசாவுதுல்ல? அடுத்த மாசம் எட்டுமா உன் கை?"

அக்கா, "இப்பவே வெரல் நுனிதான் எட்டுது" என்றாள்.

"மாமாகிட்ட வாட்ச்ச கழட்டச் சொல்லு."

"எப்பிடிடி சொல்றது? அன்னைக்கு அம்மா பேசினத கேட்டுட்டுதான் மாட்டிக்கிட்டு திரியறாரு. இப்ப நானே கழட்டுன்னா, உங்க வீட்ல என்னதான்டி நெனைக்கறீங்கன்னு கேக்க மாட்டாரா? கேக்க மாட்டாரு, அதான் கொடுமை. மனசுலயே வச்சிப்பாரு."

அம்மாவிடம் போனேன். பாவம், அவளும் பயந்தாள். பயத்தில் கையைப் பிசைந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் பழைய பாட்டுதான். "போட்டத கழட்டுன்னு எந்த மாமியாராவது மாப்ளைய பாத்து சொல்லுவாளா? குடுத்தத திருப்பிக் கேக்கறாங்கன்னு ஆயிடாது? அவரா கழட்டினா சந்தோஷம். நம்ம வாயால வரக் கூடாது." இப்படியே ஒருவர் மாற்றி ஒருவர் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வயிறு மட்டும் யாரையும் பார்க்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

ஏழாம் மாதச் செக்கப்புக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். நான் துணிக்கடையில் பில் போடுகிறவள். லீவு கேட்டால் முதலாளி மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். தூக்கிக்கொள்ளட்டும் என்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே காலாப்பட்டுக்குப் போய்விட்டேன். அக்காவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு. வாசலில் மாமா ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்தியிருந்தார். வாட்ச் கட்டியிருந்தார்.

"ஏறுக்கா" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மாமா உடனே, "தங்கச்சிகூட வரதுன்னா வா. நான் பின்னாடி வரேன்" என்றார். சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. அதுதான் வினையாகிவிட்டது. அக்கா, "இல்லீங்க, உங்ககூடவே வரேன்" என்று போய் அவர் பின்னால் ஏறிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் அங்கேயே இறக்கிவிட்டு நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

நான் பின்னாலேயே போனேன். அவர்களையும் தாண்டி முன்னால் வருகிற ஒவ்வொரு வண்டியையும் நானே பிரேக் பிடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு போனேன். மாமா நத்தை மாதிரிதான் ஓட்டினார். அக்கா கையை நீட்டினாள், எட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி நீட்டினாள். வயிறு அவர் முதுகில் முட்டியது. கையை இழுத்துக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நிறுத்துங்க!" என்று கத்தினேன். காற்றில் போய்விட்டது.

கருவடிக்குப்பம் தாண்டியதும் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன மணல் அங்கே ரோட்டோரம் முழுக்கக் கிடந்தது. மாமா "ம்" என்று சொல்லியிருப்பார். அக்காவால் எட்டியிருக்காது. அவர் வலது கைப் பிடியை அழுத்தினார். முன் சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போக, வண்டி வலது பக்கம் படுத்துவிட்டது.

என் வண்டியை எப்படி நிறுத்தினேன், எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடினேன். அக்கா ரோட்டில் உட்கார்ந்த வாக்கில் இருந்தாள், இரண்டு கையும் வயிற்றின் மேல். மாமா மல்லாக்கக் கிடந்தார். வலது முழங்கை கிழிந்து ரத்தம். இடது கை நெஞ்சோடு ஒட்டியபடி அப்படியே இருந்தது. விழும்போதுகூட அது இறங்கவில்லை.

அக்கா அவரைப் பார்த்து முதலில் கேட்டது, "வாட்ச்சுக்கு எதனா ஆச்சா?"

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவல" என்றார். சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் வயிற்றைப் பார்த்தார். அப்போது அவர் முகம் போன போக்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆட்டோவில் அக்காவும் மாமாவும் போக, நான் என் வண்டியில் பின்னால் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள அசையல டி" என்றாள். அதற்கப்புறம் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

மேல்மாடி வராந்தாவில் நின்றோம். நர்ஸ் வந்து மாமாவின் முழங்கைக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அவர் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அம்மா ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், முந்தானை ஒரு பக்கம் தரையில் புரண்டது. வந்தவள் என்னிடம் வரவில்லை. நேரே அவரிடம் போய், "உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே மாப்ள?" என்று கேட்டாள். உள்ளே பெற்ற பெண் கிடக்கிறாள், அந்த நேரத்திலும் மாப்பிள்ளைக்கு முதல் மரியாதை!

எனக்குத் தாங்கவில்லை. "அந்தக் கருமத்த கழட்டுங்க மாமா!" என்று கத்திவிட்டேன்.

"ஏய்! யார்கிட்ட பேசற?" என்று அம்மா என் தோளில் அடித்தாள்.

"அவள அடிக்காதீங்க" என்றார் மாமா. அவர் குரல் அப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "இத கழட்டுன்னு யாராவது ஒருத்தரு சொல்ல மாட்டீங்களான்னு நான் ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன் அத்தை! தலை தீபாவளிக்கு கழட்டி வச்சிட்டு வந்தேன். அதுக்கு நீங்க பட்ட வருத்தத்த கேட்டுட்டு உக்காந்திருந்தேன். நானா எப்பிடி கழட்டுவேன்? உங்க வீட்டு மரியாதைன்னுதானே கையிலயே வச்சிக்கிட்டு திரிஞ்சேன்? எனக்கு வேணாம் அத்தை. எனக்கு இது வேணவே வேணாம்!"

சொல்லிக்கொண்டே வாட்ச்சைக் கழற்றினார். முழங்கைக் கட்டோடு பட்டை வரவில்லை, பல்லால் இழுத்தார். கழற்றி அம்மாவிடம் நீட்டினார். "இந்தாங்க."

அம்மா இரண்டடி பின்னால் போனாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் போட்டதைத் திருப்பி வாங்கினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். எங்கள் ஊரில் கல்யாணத்தை அறுத்துவிடும் பஞ்சாயத்தில்தான் அப்படி வாங்குவார்கள். "வேணாம் மாப்ள, வேணாம்" என்று அழ ஆரம்பித்தாள். நானும் வாங்கவில்லை. வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். மாமா கையை மடக்கவும் இல்லை. ஒரு பெரிய சுவிஸ் வாட்ச் வராந்தா நடுவில், வாங்க ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "கொழந்த நல்லா இருக்கு, ஹார்ட் பீட் நல்லா இருக்கு. வார்டுல வச்சி பாக்கணும்" என்றாள் நர்ஸ். அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. "இப்ப ஒதைக்குது டி" என்றாள்.

பிறகு திரும்பி, நீட்டிய கையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். படுத்த வாக்கிலேயே எட்டி அந்த வாட்ச்சை வாங்கி, "இத பையில போடு" என்று என்னிடம் கொடுத்தாள். அவ்வளவுதான். அவள் வாங்கினால் அது திருப்பி வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

"என்னங்க, பசிக்குது. இட்லி வாங்கிட்டு வரீங்களா?" என்றாள்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அவருடைய வண்டி ரோட்டிலேயே கிடந்தது. என் சாவியைக் கொடுத்தேன்.

அம்மாவும் நானும் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். ஸ்டாண்டிலிருந்து என் வண்டியை எடுத்தார். ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்ததும் இடது கை பழக்கதோஷத்தில் நெஞ்சுக்குப் போனது. அப்படியே கேட்டை நோக்கி நகர்ந்தார். வெளியே ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"மாப்ள!"

அம்மா போட்ட கத்தலில் கீழே வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள், கம்பிக்கு வெளியே பாதி உடம்பு தொங்கக் கத்தினாள்.

"ரெண்டு கையாலயும் புடிங்க! சொன்னா கேக்க மாட்டீங்க? ரெண்டு கையாலயும்!"

மாமா நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சில் இருந்த கை இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்தது. "சரி அத்தை" என்று அவரும் கத்தினார்.